குறட்டைக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? சிபாப் கருவியும் புதிய ஊசியும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுமா?

"ராத்திரி மூணு, நாலு தடவை எழுந்து பாத்ரூம் போறேன். சுகர் இருக்கறதால இருக்கும்." நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அதே வீட்டில், பக்கத்தில் படுப்பவர் சொல்லும் புகார் வேறு மாதிரி இருக்கும். "பயங்கரமா குறட்டை விடறார். நடுவுல மூச்சே நின்ன மாதிரி ஆகிடுது. அப்புறம் திடுக்குன்னு இழுத்து விடறார்."

இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முதல் புகார் சர்க்கரை நோய் டாக்டரிடம் போகிறது. இரண்டாவது, வீட்டில் ஒரு கிண்டலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இரண்டுமே ஒரே பிரச்னையின் அறிகுறிகளாக இருக்கலாம். அதன் பெயர் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்.

2022 பிப்ரவரி 15-ம் தேதி இசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் காலமானபோது, ஸ்லீப் ஆப்னியாதான் காரணம் என்று மருத்துவர்கள் கூறினார்கள். இந்தியாவில் பலர் இந்தப் பெயரை முதன்முறையாகக் கேட்டது அப்போதுதான். பிறகு 2024 டிசம்பரில், உடல் பருமனோடு மிதமான அல்லது தீவிரமான ஸ்லீப் ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு டிர்செபடைடு ஊசியைப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கு அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். 2025 மார்ச்சில் அதே மருந்து மவுன்ஜாரோ என்ற பெயரில், சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்குமாக இந்தியச் சந்தைக்கு வந்தது.

இதோடு ஒரு எதிர்பார்ப்பும் வளர்கிறது. ஸ்லீப் ஆப்னியாவைச் சரி செய்துவிட்டால் பி.பி. குறையும், சுகர் குறையும், கிட்னியும் தப்பிக்கும் என்பது அந்த எதிர்பார்ப்பு. இதில் எவ்வளவு உண்மை?

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அப்போது மூச்சுப்பாதை முழுதாகவோ பாதியாகவோ அடைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தது 10 விநாடிக்குத் தடைபட்டால் அது ஒரு தடவையாகக் கணக்கில் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை உஷாராகி உடலை எழுப்பும், தொண்டை திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி முழுக்க இதே கதைதான். தூங்கியவருக்குக் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது.

ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்பதை வைத்து நோயின் அளவைச் சொல்கிறார்கள். 5 முதல் 15 முறை வரை லேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30-க்கு மேல் போனால் தீவிரமானது. தீவிர நிலையில் இருப்பவருக்கு சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு தடைபடுகிறது.

இந்தியாவில் சுமார் 10.4 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் மதிப்பிட்டார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு, ஆண்களில் 13 சதவீதத்துக்கும் பெண்களில் 5 சதவீதத்துக்கும், ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரியவந்தது.

கிட்னிக்கு என்ன பாதிப்பு?

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனாலும் சிறுநீரகத்தின் உள்பகுதி சாதாரண நாளிலேயே குறைவான ஆக்சிஜனில்தான் வேலை செய்கிறது. ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் ஏறி இறங்கினால் அந்தப் பகுதி முதலில் சிரமப்படும்.

இரண்டாவது பிரச்னை ரத்த அழுத்தம். மூச்சு அடைக்கும் ஒவ்வொரு முறையும் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பி.பி. ஏறுகிறது. வழக்கமாக தூக்கத்தில் பி.பி. இறங்க வேண்டும். இவர்களில் பலருக்கு அது இறங்குவதில்லை. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் இந்த அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்க வேண்டியிருக்கிறது. நாளடைவில் அவை சேதமாகி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கலாம்.

ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போவதற்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. அடைத்த தொண்டை வழியாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேல் அறைகள் விரிகின்றன. உடலில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தப்பாகப் புரிந்துகொண்டு இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தை அதிக சிறுநீர் வெளியேற்ற வைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், புரோஸ்டேட் பிரச்னை இல்லாமலும் ராத்திரி திரும்பத் திரும்ப எழுந்திருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கிட்னி கெட்டால் குறட்டை வருமா?

வரும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது உடலில் தண்ணீரும் உப்பும் தேங்குகின்றன. பகலில் அந்த நீர் கால்களில் வீக்கமாகத் தெரியும். ராத்திரி படுத்தவுடன் அதில் ஒரு பகுதி கழுத்துப் பக்கம் நகர்கிறது. தொண்டையைச் சுற்றியுள்ள திசுக்கள் உப்பி, மூச்சுப்பாதை குறுகுகிறது.

கனடாவின் கால்கரி நகரில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு இந்தத் தொடர்பை எண்களில் காட்டியது. சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் அது 41 சதவீதம். சிறுநீரகம் செயலிழந்த நிலையில் இருந்தவர்களில் 57 சதவீதம்.

கனடாவின் டொரன்டோவில் நடந்து 2001-ல் வெளியான இன்னொரு ஆய்வு அதைவிட சுவாரசியமானது. வாரத்தில் மூன்று நாள் வழக்கமான டயாலிசிஸ் செய்துவந்த 14 பேரை, தினமும் ராத்திரி தூக்கத்திலேயே நீண்ட நேரம் செய்யும் டயாலிசிஸுக்கு மாற்றினார்கள். மூச்சு தடைபடுவது மணிக்கு சராசரியாக 25 முறையிலிருந்து 8 முறையாகக் குறைந்தது. தொண்டைக்கு எந்த சிகிச்சையும் கொடுக்கவில்லை. ரத்தம் நன்றாகச் சுத்தமானதும் தூக்கமும் மேம்பட்டது.

ஆக, ஸ்லீப் ஆப்னியா சிறுநீரகத்தை வாட்டுகிறது. கெட்டுப்போன சிறுநீரகம் ஸ்லீப் ஆப்னியாவை அதிகப்படுத்துகிறது. இந்தச் சுழற்சியை ஒரு பக்கம் உடைத்தால் மறுபக்கமும் சரியாகிவிடுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

சிபாப் கருவி கிட்னியைக் காப்பாற்றுகிறதா?

ஸ்லீப் ஆப்னியாவுக்கு இன்றும் முதன்மையான சிகிச்சை சிபாப் கருவிதான். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால், சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை உருவாக்கி 1981-ல் வெளியிட்டார். அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் கன்னத்தில் 2023 ஜூனில் கோடுகள் தெரிந்தபோது, அவர் சிபாப் பயன்படுத்துவதை வெள்ளை மாளிகையே உறுதி செய்தது.

குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி, ராத்திரி பாத்ரூம் போவது ஆகியவற்றில் சிபாப் நல்ல பலன் தருகிறது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைகிறது. பல மாத்திரை போட்டும் பி.பி. அடங்காத 194 பேரிடம் ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. சிபாப் பயன்படுத்தியவர்களுக்கு 24 மணி நேர சராசரி ரத்த அழுத்தம், பயன்படுத்தாதவர்களைவிட சுமார் 3 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. சிறிய எண்தான், ஆனாலும் பயனுள்ளது. ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கான குறைவு அல்ல.

சிறுநீரக விஷயத்தில்தான் எதிர்பார்ப்பும் ஆதாரமும் பிரிகின்றன. சிபாப் பயன்படுத்தினால் சிறுநீரக வடிகட்டிகளின் மீதான அழுத்தம் குறைகிறது என்று சில வாரங்கள் நடந்த சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வருடக்கணக்கில் கவனித்தபோது அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

இதயநோயும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்திருந்த 2,717 பேரிடம் நடந்த 'சேவ்' என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாகின. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை சிபாப் குறைக்கவில்லை. அவர்களில் 200 பேரின் சிறுநீரகச் செயல்பாட்டைத் தனியாகப் பார்த்த துணை ஆய்வு 2017-ல் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், சிபாப் பயன்படுத்தியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமாகும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்த 57 பேரிடம் கால்கரியில் ஓராண்டு நடந்த சோதனையிலும் இதே முடிவுதான்.

அப்படியானால் சிபாப் வீணா?

அந்த முடிவுக்கும் அவசரப்பட்டு வர முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், கருவியைப் போட்ட நேரம். 'சேவ்' ஆய்வில் பங்கேற்றவர்கள் ராத்திரிக்கு சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாஸ்க் அணிந்திருந்தார்கள். மீதி நேரம் தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். பாதி ராத்திரி சிகிச்சையை வைத்து முழு சிகிச்சையின் பலனை எடைபோட முடியாது.

இரண்டாவது, காலம். சிறுநீரகம் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பழுதாகும் உறுப்பு. ஓராண்டு ஆய்வில், அதுவும் சில பத்து பேரிடம், வித்தியாசம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஸ்லீப் ஆப்னியா இருந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சிபாப் பயன்படுத்தியவர்களிடமும் அந்த ஆபத்து குறைவாக இல்லை. கருவியால்தான் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. பொதுவாக நோய் முற்றியவர்களுக்குத்தான் கருவி பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களுக்கு எடை, சுகர், பி.பி. எல்லாம் முன்பே அதிகமாக இருக்கும்.

மொத்தத்தில், தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சிபாப் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அது மட்டுமே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை. "மெஷின் போட்டாச்சு, இனி கிட்னி மாத்திரை வேண்டாம்" என்று யாராவது முடிவெடுத்தால், அது ஆபத்தான முடிவு.

புதிய ஊசியில் என்ன குழப்பம்?

டிர்செபடைடு ஊசி ஆய்வுகளில் 469 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் உடல் பருமன் இருந்தது, மணிக்கு சராசரியாக 50 முறை அளவில் மூச்சு தடைபட்டது. ஓராண்டு ஊசி போட்டவர்களுக்கு அது மணிக்கு 25 முதல் 29 முறை வரை குறைந்தது. வெறும் ஊசி, அதாவது மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களுக்கு சுமார் 5 முறைதான் குறைந்தது. எடை குறைந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். ஒல்லியாக இருந்தும் தாடை, தொண்டை அமைப்பால் ஸ்லீப் ஆப்னியா வருபவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

சிறுநீரகப் பாதுகாப்புக்கான பெரிய ஆய்வு நடந்தது வேறொரு ஊசியில். அதன் பெயர் செமாக்ளூடைடு. இரண்டாம் வகை நீரிழிவும் சிறுநீரக நோயும் இருந்த 3,533 பேரிடம் நடந்த 'ஃப்ளோ' ஆய்வில், சிறுநீரகம் மோசமடைவது உள்ளிட்ட பெரிய பாதிப்புகளின் ஆபத்து 24 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2024 மே மாதம் வெளியானது. அதன் அடிப்படையில் 2025 ஜனவரியில் இத்தகைய நோயாளிகளுக்கு அதை எஃப்.டி.ஏ. அனுமதித்தது.

ஒரு மருந்துக்கு ஸ்லீப் ஆப்னியாவில் அனுமதி, இன்னொரு மருந்துக்கு சிறுநீரக நோயில் அனுமதி. இரண்டும் ஒரே குடும்பத்து ஊசிகள் என்பதால், பேச்சில் இரண்டையும் கலந்து, ஒரே ஊசி எல்லாவற்றையும் சரி செய்யும் என்ற எண்ணம் பரவுகிறது. இந்தக் குழப்பத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஊசிகளால் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு கடுமையாக வரும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கிட்னியைக் காப்பாற்றப் போட்ட ஊசியே, கவனிக்காமல் விட்டால் கிட்னிக்கு ஆபத்தாகிவிடலாம். டாக்டர் மேற்பார்வை இல்லாமல், நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொள்ளும் மருந்து இது அல்ல.

செலவும் ஒரு விஷயம். இந்தியாவில் அறிமுகமானபோது மவுன்ஜாரோவின் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒரு ஊசி என்றால் மாதம் 14,000 முதல் 17,500 ரூபாய் வரை. ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவதும் சகஜம்.

சிறுநீரகத்துக்கு நிரூபிக்கப்பட்டது எது?

விளம்பர வெளிச்சம் இல்லாத பழைய வழிகள்தான். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, உப்பைக் குறைப்பது, புகையை விடுவது, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடாமல் இருப்பது. புரதக் கசிவு உள்ளவர்களுக்குச் சில குறிப்பிட்ட பி.பி. மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியானது. எம்பாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்ததும், பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கி விலை நன்றாகக் குறைந்தது. எல்லோருக்கும் இவை பொருந்தாது, யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாதம் பல ஆயிரம் ரூபாய் ஊசியைப் பற்றி யோசிப்பதற்கு முன், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

யாருக்கு எந்தப் பரிசோதனை தேவை?

சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம். ஸ்லீப் ஆப்னியாவும் சிறுநீரக நோயும் சந்திக்கும் இடம் இந்தக் கூட்டம்தான்.

ஸ்லீப் ஆப்னியா இருப்பது தெரிந்தவர்கள், குறிப்பாக சுகரோ பி.பி.யோ சேர்ந்து இருந்தால், இரண்டு எளிய பரிசோதனைகளை டாக்டரிடம் கேட்கலாம். ஒன்று, ரத்தத்தில் கிரியேட்டினின். இரண்டு, சிறுநீரில் அல்புமின் அளவு. கிரியேட்டினின் நார்மல் என்று வந்தாலும் சிறுநீரில் அல்புமின் கசிவு தொடங்கியிருக்கலாம். அதனால் இரண்டும் சேர்ந்துதான் முழுப் படத்தைக் காட்டும்.

சிறுநீரக நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், மூன்று மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர்கள் ஆகியோர் தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். உலகம் முழுக்கப் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. சத்தமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பவை அந்த எட்டு. மூன்றுக்கு 'ஆமாம்' என்றாலே கவனிக்க வேண்டும். ஆனால் சிறுநீரக நோயாளிகளில் பலருக்குப் பருமன் இருக்காது. சோர்வு வந்தாலும் "டயாலிசிஸ்னாலதான்" என்று விட்டுவிடுவார்கள். அதனால் அவர்கள் விஷயத்தில் இந்தப் பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

தூக்க மாத்திரையும் மதுவும் இன்னொரு பொறி. "தூக்கமே சரியில்ல" என்று சொல்லி இவற்றை எடுத்துக்கொண்டால், தொண்டைத் தசைகள் இன்னும் தளர்ந்து மூச்சு அடைப்பு அதிகமாகலாம்.

இன்றைக்கே என்ன செய்யலாம்?

இந்த நோயின் முதல் சாட்சி நோயாளி அல்ல, பக்கத்தில் படுப்பவர். குறட்டை நின்று, மூச்சு நின்று, திடுக்கென்று இழுக்கும் அந்த ஒரு நிமிடத்தை மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால், டாக்டருக்கு அது நல்ல தடயம். ராத்திரி எத்தனை முறை எழுந்தார் என்பதையும் ஒரு வாரத்துக்குக் குறித்து வைக்கலாம்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் "இவருக்கு ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது" என்று ஒரு வார்த்தை சொல்லி, எங்கே காட்டலாம் என்று கேட்க காசு எதுவும் ஆகாது.

ஏற்கெனவே சிபாப் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். மாஸ்க் சரியாகப் பொருந்தாதது, மூக்கு வறண்டுபோவது போன்ற சின்னச் சின்னத் தொந்தரவால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மாஸ்க் அளவையும் காற்றழுத்தத்தையும் மாற்றிப் பார்க்கலாம். ராத்திரி முழுக்கப் போட்டால்தான் பலன் தெரியும். சுகர், பி.பி., கிட்னி மாத்திரைகளும் அதோடு சேர்ந்து, அதுபாட்டுக்குத் தொடர வேண்டும்.